மெடல் பட்டையில் தொங்குவது யாருடைய உயிர்?

ஒரு சாண் நீளமுள்ள பட்டை. அதில் வண்ண ரிப்பன்களோடு வரிசையாகத் தைத்த நான்கைந்து மெடல்கள். பின்புறம் தகடு, அதன்மேல் துணி உறை, சட்டையில் குத்திக்கொள்ள ஓர் ஊசி. கைஸர் காலத்து ஜெர்மன் சிப்பாய் அணிவகுப்பு நாளில் இடது மார்பில் குத்திக்கொண்ட மெடல் பட்டை இது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனவான்கள் இதை ஏலத்தில் எடுத்து, வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். "அரிய பழம்பொருள்" என்கிறார்கள். "வீரத்தின் சின்னம்" என்கிறார்கள்.

வாங்குகிற கனவான் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. சிலுவையின் நடுவில் இரும்பு இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்க்கிறார். புற ஊதா விளக்கை அடித்து, தையல் நூல் ஒளிர்கிறதா என்று பார்க்கிறார். ஒளிர்ந்தால் அது பிற்காலத்து நூல், பட்டை போலி. ரிப்பனில் வெயில் பட்ட பக்கம் வெளுத்திருக்கிறதா, மறைந்த பக்கம் நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். நூலைச் சோதிக்கிறார், இரும்பைச் சோதிக்கிறார், வெள்ளியைச் சோதிக்கிறார். ஒன்றை மட்டும் கேட்பதில்லை. இந்த மெடலுக்கு விலையாகப் போனது யாருடைய உயிர்?

அந்தக் கேள்வியை நாம் கேட்போம். ஆலையில் நூல் நூற்பவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் ஜெர்மன் மெடலோடு என்ன சம்பந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். யுத்தத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் எந்த நாட்டிலும் ஆலை வாசலுக்கும் வயல் வரப்புக்கும்தான் முதலில் வருகிறார்கள்.

தங்கம் போனது, இரும்பு வந்தது

இரும்புச் சிலுவை பிறந்தது 1813 மார்ச் மாதத்தில். நெப்போலியனோடு யுத்தம். பிரஷ்ய மன்னன் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்தின் கஜானா காலி. பெண்கள் தங்க நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள்; பதிலுக்கு இரும்பு மோதிரம் பெற்றார்கள். சிப்பாய்கள் உயிரைக் கொடுத்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் இரும்புச் சிலுவை பெற்றார்கள். தங்கத்தையும் உயிரையும் வாங்கிக்கொண்டு இரும்பைத் திருப்பிக் கொடுக்கும் வியாபாரம் இது! இதைவிட மலிவான கூலியை எந்த எஜமானனாவது கண்டுபிடித்ததுண்டா?

கண்டுபிடித்த பிறகு விடுவார்களா? 1870-ல் பிரான்ஸோடு யுத்தம். சிலுவை மறுபடி வந்தது. 1914-ல் உலக யுத்தம், மறுபடி வந்தது. 1939 செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் படையை ஏவிய அதே நாள், மறுபடி வந்தது. முதல் உலக யுத்தத்தில் மட்டும் இரண்டாம் வகுப்புச் சிலுவை சுமார் 50 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. அதே யுத்தத்தில் செத்த ஜெர்மன் சிப்பாய்கள் சுமார் 20 லட்சம். 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மன் தொழிலாளி வீட்டில் ரொட்டியும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சிலுவைக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை.

1918 ஜனவரியில் பெர்லின் ஆயுதத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சமாதானம் வேண்டும், சோறு வேண்டும் என்று கேட்டார்கள். சர்க்கார் என்ன செய்தது? வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துத் தண்டனையாகப் போர்முனைக்கு அனுப்பியது. கவனியுங்கள் தோழர்களே! போர்முனைக்குப் போவது மகத்தான கௌரவம் என்று சொல்லி மெடல் கொடுத்தவர்களும் அவர்களே. போர்முனையைத் தண்டனையாகக் கொடுத்தவர்களும் அவர்களே. ஒரே பதுங்குகுழி, இரண்டு பெயர்.

மார்பிலும் மேல் கீழ்

மெடல் பட்டை வீரத்தை அளக்கிறதாம். பார்ப்போம். பிரஷ்யாவின் மிக உயர்ந்த வீர விருது "பூர் லெ மெரித்" என்ற நீலச் சிலுவை; 1740-ல் மன்னன் இரண்டாம் பிரெடரிக் ஏற்படுத்தியது. அது அதிகாரிகளுக்கு மட்டுமே. சாதாரணச் சிப்பாய் எவ்வளவு பெரிய சாகசம் செய்தாலும் அது அவன் கழுத்தில் ஏறாது. அவனுக்கென்று 1864-ல் வேறொரு சிலுவை செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த உயர்ந்த விருதின் பெயரே பிரெஞ்சுப் பெயர்! பிரெஞ்சுக்காரனை ஜென்ம விரோதி என்று சொல்லிச் சிப்பாயை 1870-லும் 1914-லும் சாகவிட்டவர்கள், பிரெஞ்சு எழுத்துப் பொறித்த சிலுவையைத் தங்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு மினுக்கினார்கள்.

பவேரியாவிலும் இதே கதைதான். அதிகாரிக்கு மாக்ஸ் ஜோசப் விருது. கூடவே பெயருக்கு முன்னால் பிரபுப் பட்டம். சிப்பாய்க்கு வீர மெடல், பட்டம் கிடையாது. குண்டு மட்டும் பேதம் பார்க்காமல் இருவர் மேலும் பாய்ந்தது!

எம்டன் கப்பலை நம் மக்கள் மறக்கவில்லை. பொல்லாதவனை "அவன் எம்டன்" என்று சொல்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. துறைமுகத்தில் உயிரிழந்தவர்களும் உண்டு. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே எம்டனும் நொறுங்கியது. அதன் மாலுமிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கப்பல் தலைவருக்கு 1918-ல் நீலச் சிலுவை கிடைத்தது. சென்னையில் செத்தவர்களை எந்த மெடலும் நினைவில் வைக்கவில்லை.

ஒமஹேகே என்ற பெயர்த்தகடு

இப்போது பட்டையில் இருக்கிற இன்னொரு மெடலைப் பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. 1907-ல் கைஸர் இரண்டாம் வில்லியம் ஏற்படுத்திய தென்மேற்கு ஆப்பிரிக்க மெடல். போரிட்டவர்களுக்கு வெண்கலத்தில், உதவி வேலை செய்தவர்களுக்கு எஃகில். வெண்கல மெடலில் "வெற்றி கண்ட போராளிகளுக்கு" என்று பொறித்திருக்கிறது. ரிப்பனில் சிறு சிறு பெயர்த்தகடுகள் கோத்திருக்கும். எந்தக் களத்தில் நின்றானோ அந்த ஊரின் பெயர். "வாட்டர்பெர்க்" என்று ஒன்று. "ஒமஹேகே" என்று ஒன்று.

ஒமஹேகே என்பது என்ன? அது தண்ணீரற்ற பொட்டல். இன்றைய நமீபியாவில் இருக்கிறது. நிலத்தையும் மாட்டையும் ஜெர்மன் குடியேறிகள் பறித்துக்கொண்டதால் 1904 ஜனவரியில் ஹெரேரோ மக்கள் எழுந்தார்கள். ஆகஸ்ட் 11-ல் வாட்டர்பெர்க் அருகே லோதர் ஃபான் ட்ரோதா என்ற தளபதியின் படை அவர்களைத் தாக்கியது. பெண்டு பிள்ளைகளோடும் மாடுகளோடும் அவர்கள் ஒமஹேகேக்குள் ஓடினார்கள். கிணறுகளைப் படை காவல் காத்தது. தண்ணீருக்குத் திரும்பி வந்தவர்களைச் சுட்டது. அக்டோபர் 2-ல் ட்ரோதா உத்தரவு போட்டான்: துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜெர்மன் எல்லைக்குள் காணும் ஹெரேரோ சுடப்படுவான், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இனி இடமில்லை.

சுமார் 80,000 ஹெரேரோ மக்களில் 60,000-க்கும் மேற்பட்டோர் அழிந்தார்கள். பின்னர் எழுந்த நாமா மக்களில் பாதிப்பேர் அழிந்தார்கள். எஞ்சியவர்களைச் சுறாத்தீவு போன்ற முகாம்களில் அடைத்து வேலை வாங்கியே கொன்றார்கள். ட்ரோதாவுக்கு 1905-ல் கிடைத்தது என்ன? நீலச் சிலுவை!

ஆக, "ஒமஹேகே" என்ற தகட்டின் பொருள் இதுதான்: தாகத்தால் செத்த தாய்மாரையும் பிள்ளைகளையும் தண்ணீரை அண்டவிடாமல் மறித்த படையில் இவனும் இருந்தான். ஏலக்கடையில் இது என்ன? மெடலின் விலையை ஏற்றும் அரிய உருப்படி! தகடு கூடக்கூட விலை கூடும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்கள் எரிந்து நூறு வருஷமான வீட்டின் சாம்பலிலும் லாபம் பார்க்கிறார்கள்.

சிலுவை காப்பாற்றியதா?

மெடலைக் கொடுத்த கை அதைப் பெற்றவனுக்காவது விசுவாசமாக இருந்ததா? முதல் உலக யுத்தத்தில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் செத்தார்கள். பல்லாயிரம் பேர் இரும்புச் சிலுவை பெற்றார்கள். ஹிட்லருக்கு 1918-ல் முதல் வகுப்புச் சிலுவை கிடைக்கச் சிபாரிசு செய்த அதிகாரி ஹூகோ குட்மானும் ஒரு யூதரே. 1942 ஜனவரியில் வான்சே மாளிகையில் நாஜிகள் கூடி யூத இனத்தையே ஒழிக்கத் திட்டம் போட்டபோது, முதல் வகுப்புச் சிலுவை பெற்றவர்களுக்கு ஒரு "சலுகை" அளித்தார்கள். அவர்களைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பலாம் என்று! அங்கிருந்து ஆயிரம் ஆயிரமாய் ஆஷ்விட்ஸுக்கு ரயில் போனது. மார்பில் தொங்கிய இரும்பு வாயிற்கதவைத் திறந்துவிடவில்லை.

கனவான்களின் மூன்று நியாயங்கள்

"நாங்கள் வரலாற்றைப் பாதுகாக்கிறோம்" என்கிறார்கள். பிரிட்டிஷ் மெடலின் விளிம்பில் சிப்பாயின் பெயர் வெட்டியிருக்கும். ஜெர்மன் மெடல்களில் பெரும்பாலும் பெயரே கிடையாது. பட்டைக்கு உரியவன் யார் என்று சொல்வது அதனோடு வந்த விருதுப் பத்திரம் ஒன்றுதான். வியாபாரி என்ன செய்கிறான்? தனித்தனியாக விற்றால் கூடுதல் லாபம் என்று பத்திரத்தை ஒருவனுக்கும் பட்டையை ஒருவனுக்கும் விற்கிறான். மனிதன் தொலைந்துபோகிறான், இரும்பு மிஞ்சுகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

"உலோகத்துக்கு ஏது அரசியல்?" என்கிறார்கள். அப்படியானால் கைஸரை விரட்டிய பின் 1919-ல் எழுதிய ஜெர்மன் அரசியல் சட்டம், அரசு இனி விருதுகளும் சின்னங்களும் வழங்கக் கூடாது என்று விதித்தது ஏன்? ஹிட்லர் ஆட்சி 1934-ல் பழைய யுத்தத்துக்காகப் புதிய கௌரவச் சிலுவையை அடித்து, சுமார் 80 லட்சம் பேருக்கு அள்ளி வழங்கியது ஏன்? நாஜி காலத்து மெடலை அணிவதானால் ஸ்வஸ்திக் இல்லாமல்தான் அணியலாம் என்று மேற்கு ஜெர்மனி 1957-ல் சட்டம் போட்டது ஏன்? உலோகத்துக்கு அரசியல் இல்லாமலா?

"சாமானியச் சிப்பாயின் வீரத்தை மதிக்கிறோம்" என்கிறார்கள். நாமும் மதிக்கிறோம். தோழனைத் தோளில் தூக்கி வந்தவனை யார் இகழ்வார்கள்? ஆனால் உங்கள் சந்தை எதை மதிக்கிறது? அந்த 1934-ஆம் வருஷத்துச் சிலுவையில் கணவனை இழந்த விதவைகளுக்கும் மகனை இழந்த பெற்றோருக்கும் கறுப்பு அரக்குப் பூசிய ஒன்றைக் கொடுத்தார்கள். சுமார் 7 லட்சம். உங்கள் கடையில் மலிவான சரக்குகளில் அதுவும் ஒன்று. விதவையின் கண்ணீர் மலிவு. ஒமஹேகே தகடு கிராக்கி! இதுதானே உங்கள் மரியாதை?

செய்ய வேண்டியது என்ன?

சேகரிக்கிறவர்கள் எல்லோரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ரெஜிமெண்ட் பதிவேடுகளைத் தேடிப் படித்து, பெயர் தெரியாத பட்டைக்கு உரியவனைக் கண்டுபிடித்து, பத்திரத்தையும் பட்டையையும் பிரிக்காமல் வைத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது நல்ல வேலை.

மெடல்களை உருக்கிவிடவும் சொல்லவில்லை. உருக்கினால் சாட்சியம் அழியும். குற்றவாளிக்கே அது லாபம். நாம் கேட்பது இதுதான்: பட்டையையும் பத்திரத்தையும் பிரித்து விற்காதே. ஒமஹேகே தகட்டை விற்கிறவன் ஒமஹேகேயில் நடந்ததையும் அதே சீட்டில் எழுதட்டும். ஆராய்ச்சி என்ற பேரில் ஜெர்மனிக்குக் கொண்டுபோன மண்டையோடுகளில் 20-ஐ 2011-ல் நமீபியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2021 மே மாதத்தில் அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசே ஒப்புக்கொண்டது. அரசே ஒப்புக்கொண்ட பின் ஏலக்கடைக்காரன் மட்டும் "காலனிப் போர் நினைவு மெடல், நல்ல நிலையில்" என்று எழுதி விற்கலாமா?

தோழர்களே! எந்த நாட்டிலும் எந்தக் கொடியின் கீழும், உன் மகனைக் கொடு, உனக்கு மெடல் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். யாருடைய நிலத்துக்காக? யாருடைய கிணற்றை மறிப்பதற்காக? பதில் கிடைக்கும் வரையில் மகனை அனுப்பாதீர்கள்.