எடை குறைவு, பில் இரண்டு

இது பனிச்சறுக்கு பற்றிய பதிவு. ஆனால் பனியைவிட பில்லைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலம் நெருங்கியதும் ஸ்கீ கடைகளில் ஒரு மந்திரம் ஓதப்படும். "எடை குறைந்த பவுடர் ஸ்கீ ஒரு ஜோடி வாங்கினால் போதும். லிஃப்ட் ஓடும் ரிசார்ட்டுக்கும் அதுதான், லிஃப்ட் இல்லாத மலைக்கும் அதுதான்" என்ற ரீதியில் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால் ஆயிரம் டாலரை ஒட்டி நிற்கும். ஸ்கீ மட்டும்தான். காலோடு பிணைக்கும் பைண்டிங்குக்குத் தனி பில்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரிசார்ட் என்றால் லிஃப்ட் மேலே தூக்கிப்போகும், ஆட்கள் சறுக்கி இறங்குவார்கள். சரிவுகளைப் பராமரிக்க ஆள் உண்டு, பனிச்சரிவு அபாயத்தைக் கவனிக்க ரோந்துப் படை உண்டு. பேக்கண்ட்ரி என்றால் இதில் எதுவுமே கிடையாது. ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் நடந்து ஏறி, பட்டையை உரித்துவிட்டு இறங்க வேண்டும். பவுடர் என்பது புதிதாக விழுந்த, மாவு போன்ற பனி.

சரி, மேட்டருக்கு வருவோம். பவுடரில் மூழ்காமல் மிதக்க ஸ்கீக்கு என்ன வேண்டும்? அகலம் வேண்டும். முனை மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். 1980களின் கடைசியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனம் கொழுத்த ஸ்கீயைக் கொண்டுவந்தபோது பலர் சிரித்தார்கள். 2002-இல் ஷேன் மெக்கான்கியின் யோசனையில் வோலன்ட் நிறுவனத்தின் 'ஸ்பாட்டுலா' வந்தது. நடு அகலம், முனை குறுகல், வளைவும் தலைகீழ். அதற்குப் பிறகு பவுடர் ஸ்கீயின் உருவமே மாறிப்போனது. இன்று பவுடர் ஸ்கீயின் இடுப்பு அகலம் பெரும்பாலும் 105 முதல் 120 மில்லிமீட்டர்.

கவனியுங்கள், இந்தக் கதையில் எடை எங்கேயும் வரவில்லை. 80 கிலோ ஆள் ஏறி நிற்கும் ஸ்கீயில் அரைக் கிலோ குறைந்தால் மிதப்பதில் சொல்லும்படி எந்த மாற்றமும் வராது. எடைக் குறைப்பின் பலன் ஒரே இடத்தில்தான்: ஏறும்போது. ரிசார்ட்டில் ஏற்றத்தை யார் செய்கிறார்கள்? லிஃப்ட்! அதற்கு டிக்கெட் காசும் கட்டியாயிற்று. அப்புறம் ஏறுவதற்கென்றே இளைக்க வைத்த ஸ்கீக்கும் காசு கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஒரே சேவைக்கு இரண்டு பில். வணிகவியல் முதலாண்டில் ஃபெயில் ஆனவர்கூட இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டார்.

காசு மட்டும் போனால் பரவாயில்லை. ரிசார்ட்டில் காலையில் விழுந்து கிடக்கும் பவுடர் மதியத்துக்குள் கூட்டத்தின் காலில் மிதிபட்டு மேடும் பள்ளமும் கட்டியுமாக ஆகிவிடும். அங்கே ஸ்கீக்குக் கனம் வேண்டும். கனமான ஸ்கீ கட்டியை இடித்துக்கொண்டு போகும், கார்பன் வைத்து இளைக்கவைத்த ஸ்கீ கட்டி ஒவ்வொன்றிலும் துள்ளும். அதிர்வு நேராக முழங்காலுக்கு. ரிசார்ட் பவுடர் ஸ்கீ ஒன்று 2 கிலோவுக்கு மேல் இருப்பது தயாரிப்பாளரின் சோம்பேறித்தனத்தால் இல்லை. அந்த எடைக்கு அங்கே வேலை இருக்கிறது.

பைண்டிங் கதை இன்னும் மோசம். 1980களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் கண்டுபிடித்து, டைனாஃபிட் மூலம் உலகெங்கும் பரவிய பின் பைண்டிங் அருமையான பொருள், சந்தேகமே இல்லை. பூட்ஸின் முனையை இரண்டு ஊசிகள் பிடித்துக்கொள்ள, குதிகால் விடுபட்டு நடக்கலாம். ஆனால் அதன் பாரம்பரிய வடிவம் பக்கவாட்டில் விடுபடுவது குதிகால் பக்கம்தான். அதிர்வைத் தாங்கி மறுபடி இடத்துக்கு வரும் நெகிழ்வும் சாதாரண ரிசார்ட் பைண்டிங்கைவிடக் குறைவு. கெட்டிப் பனியில் ஒரு நாளைக்கு இருபது முறை வேகமாக இறங்குபவருக்கு இது ஏற்றதில்லை. 2018-இல் வந்த சாலமன் ஷிஃப்ட் மாதிரி கலப்பு பைண்டிங்குகள் இந்தக் குறையைப் போக்கத்தான் வந்தன. போக்கவும் செய்கின்றன. என்ன, எடை கூடிவிடுகிறது. ஸ்கீயில் காசு கொட்டிக் குறைத்த கிராமெல்லாம் பைண்டிங்கில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. காமெடிதான் :-)

"அப்படியானால் பேக்கண்ட்ரியில் இலகு ஸ்கீ சரிதானே?" சரிதான். காலில் இருக்கும் எடை முதுகில் இருக்கும் எடையைவிட அதிகம் களைப்பாக்கும். ஆயிரம் மீட்டர் ஏறுபவருக்கு அரைக் கிலோ பெரிய விஷயம். அங்கே இந்த ஸ்கீயின் தரத்தில் குற்றமில்லை. அதை வாங்கும் வரிசைதான் தப்பு.

பேக்கண்ட்ரியில் ஆளைக் கொல்வது களைப்பைவிட அதிகமாகப் பனிச்சரிவு. அது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் வரும். பவுடர் பிரியர்கள் ஆசைப்படுவதும் அதே சாய்வுகளுக்குத்தான். சுவிட்சர்லாந்து விபத்துகளை வைத்து 2024-இல் வெளியான ஆய்வின்படி, பனியில் முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 30 நிமிடம் ஆகிவிட்டால் மூன்று பேர்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் எந்த மீட்புக் குழுவும் பறந்து வராது. கூட வந்த நண்பனிடம் புதைந்த இடத்தைக் காட்டும் பீக்கனும், ஆழம் பார்க்கும் நீளக் கம்பியும், தோண்டும் மண்வெட்டியும், அதையெல்லாம் பயன்படுத்திய பழக்கமும் இருந்தால்தான் உண்டு.

இதெல்லாம் இருந்தும் போதாத நாளும் உண்டு. 2012 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் ரிசார்ட்டை ஒட்டிய டன்னல் கிரீக்கில் 16 பேர் இறங்கினார்கள். பலர் கைதேர்ந்தவர்கள், கருவிகளும் இருந்தன. பனிச்சரிவில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் லிஃப்டில் ஏறி, ரிசார்ட் எல்லையைத் தாண்டிப் போனவர்கள். 'இரண்டுக்கும் ஒன்று' என்று கடைக்காரர் காட்டும் அந்தக் கோடு தரையில் இவ்வளவுதான். இந்தப் பக்கம் ரோந்துப் படை, அந்தப் பக்கம் யாருமில்லை. 2020-21 குளிர்காலத்தில், கொரோனாவால் பலர் பேக்கண்ட்ரி பக்கம் திரும்பிய பருவத்தில், அமெரிக்காவில் மட்டும் 37 பேரைப் பனிச்சரிவு கொண்டுபோனது.

இப்போது வாய்ப்புச் செலவுக் கணக்கைப் போடுங்கள். கனமான ஸ்கீக்கும் இலகுவான கார்பன் ஸ்கீக்கும் நடுவே பல நூறு டாலர் வித்தியாசம் இருக்கலாம். பீக்கன், கம்பி, மண்வெட்டி மூன்றுமே கிட்டத்தட்ட அந்தத் தொகையில் முடிந்துவிடும். மூன்று நாள் பனிச்சரிவுப் பயிற்சியும் அதே ரகத் தொகைதான். அரைக் கிலோ குறைக்கக் காசு இருக்கிறது, நண்பனைத் தோண்டி எடுக்கக் கற்றுக்கொள்ளக் காசில்லை என்றால், அந்தக் கணக்கில் எங்கோ உதைக்கிறது.

"இரண்டு ஜோடி வாங்கச் சொல்கிறீர்களா, கட்டுப்படியாகுமா?" என்று கேட்பார்கள். கட்டுப்படியாகும். ரிசார்ட்டுக்குப் பழைய கனமான ஜோடி ஒன்று, பருவ முடிவில் அடிமாட்டு விலைக்கு வரும். பேக்கண்ட்ரிக்கு முதல் இரண்டு பருவம் வாடகை ஜோடி. மிச்சத்தில் முதலில் பயிற்சி, அடுத்து மூன்று கருவிகள், அப்புறம் கிராம் கணக்கு. கடைக்காரர் இந்த வரிசையைச் சொல்லமாட்டார். பயிற்சி அவர் அலமாரியில் இல்லை.

டிஸ்கி: வருஷத்தில் முப்பது நாள் ஸ்கின் ஒட்டி ஏறி, மூன்றே நாள் ரிசார்ட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் திட்டு கிடையாது. அவர்கள் இலகு ஸ்கீயோடு தாராளமாக லிஃப்டில் ஏறட்டும். கடையில் அந்த ஸ்கீயை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு நேர் எதிர் கணக்கில் இருப்பவர்கள் என்றால்தான் சிக்கல்.