நெகட்டிவைக் காப்பாற்ற ஸ்டூடியோ கேமராவே போதும்

பழைய நெகட்டிவ் கவரைப் பிரித்ததும் வினிகர் வாடை அடித்தால், அந்த பிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலமாக வெளியேறுகிறது. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. ஒரே பெட்டியில் கிடக்கும் மற்ற பிலிம்களையும் கெடுக்கிறது. பிறகு பிலிம் சுருங்கும். மேலே படிந்திருக்கும் படம் மடிப்பு மடிப்பாக உரியும். அதன்பின் எந்த மருந்தும் கிடையாது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பட ஆவணப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்தால் புது அசிடேட் பிலிம் ஏறத்தாழ 40 ஆண்டு தாங்கும், அதற்குமேல் இந்த வாடை தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊர் ஸ்டூடியோ பரண்களில் சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறி மாறி இறங்குகின்றன. 1970களில் எடுத்த படங்களுக்கு இனி அவகாசம் இல்லை.

கும்பகோணத்தில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை நான் நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, வெளிநாடு போகுமுன் குடும்பத்தோடு நின்று எடுத்த படம் எல்லாம் எங்கள் அலமாரியில் நெகட்டிவாக இருக்கின்றன. வீட்டிலிருந்த பிரின்ட்டைக் கரையான் அரித்திருக்கும், மழைத்தண்ணீர் நனைத்திருக்கும். பல குடும்பங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிரதி ஸ்டூடியோக்காரரிடம்தான் உண்டு. ஆனால் கடையை மூடுகிறவர்கள் அதை வெள்ளி பிரிக்கிறவர்களிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை உருவாக்கியிருப்பதே வெள்ளித் துகள் என்பதால் அதற்கு விலை உண்டு.

டிஜிட்டலாக்கி வைக்கலாமே என்று கேட்டால், “அதுக்கு நல்ல ஸ்கேனர் வேணும், அந்தக் காசுக்கு எங்கே போறது?” என்பார்கள். இந்தத் தயக்கத்துக்கு இன்று அவசியமே இல்லை என்பதுதான் என் கருத்து. பெயர்பெற்ற நிக்கான் கூல்ஸ்கேன் பிலிம் ஸ்கேனரின் தயாரிப்பு நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. கோனிகா மினோல்ட்டா 2006இலேயே இந்தத் தொழிலை விட்டு விலகியது. மேசை ஸ்கேனர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு ஏற்ற துல்லியத்தை 35 எம்.எம். நெகட்டிவில் தருவதில்லை, ஒவ்வொரு பிரேமுக்கும் சில நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும் வசதிதான் ஸ்கேனரின் பெரிய பலம். வெள்ளித் துகள் அந்த ஒளியை மறித்துவிடுவதால் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அது பயன்படாது. நம் பழைய ஸ்டூடியோக்களின் இருப்பில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளைதான்.

கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் அதே 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு மேக்ரோ லென்ஸை மாட்டினால், 35 எம்.எம். நெகட்டிவ் முழுவதும் 6000க்கு 4000 பிக்சலில் பதிவாகும். அங்குலத்துக்கு 4200 பிக்சலுக்கு மேல். 20 அங்குல அகலத்துக்குத் தாராளமாகப் பிரின்ட் போடலாம். 120 ரோலின் சதுர நெகட்டிவ் ஒரே ஷாட்டில் 13 அங்குலம் தாங்கும். மூலையில் தூசி படிந்து நிற்கும் என்லார்ஜரின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தத் தூணிலேயே கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தலாம். அடியில் நல்ல எல்.இ.டி. விளக்குப் பலகை, அதன்மேல் நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்க என்லார்ஜரின் கேரியர். சுற்றிலும் கறுப்பு அட்டை வைத்து வெளியே கசியும் வெளிச்சத்தை மறைக்க வேண்டும்; அறை விளக்கையும் அணைத்துவிட வேண்டும்.

கேமரா சரியான மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் மட்டம் சரி. ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப் 8, ரா கோப்பு, டைமர். ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு எடுத்தால், ஒரு முழு ரோலைக் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

இப்படி எடுத்த ஒரு மணப்பெண்ணின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் மெல்லிய பென்சில் கோடுகள், அரிசி முனையளவு, ஒன்றன்பின் ஒன்றாக. அப்பா விளக்கு மேசைமேல் குனிந்து நெகட்டிவிலேயே டச்சிங் செய்த இடம் அது. பிரின்ட்டில் அது கண்ணுக்கே தெரியாது. ஒரு தலைமுறைக் கலைஞர்களின் கைவேலை முழுவதும் இந்த பிலிம்களில்தான் இருக்கிறது.

கலர் நெகட்டிவுக்கு மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். அதன் ஆரஞ்சு நிறச் சாயலைக் கணினியில் கழித்தாக வேண்டும். மலிவு விளக்கில் எடுத்தால் முகத்தின் நிறம் சரியாக வராது. விளக்குக்குக் கொஞ்சம் செலவு செய்யத்தான் வேண்டும்.

படம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. கவரில் எழுதியிருக்கும் பெயர், தேதி, பில் எண்ணையும் சேர்த்து எடுங்கள். பெயரில்லாத முகம் வருங்காலத்தில் யாருக்கும் உதவாது. கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். அசல் நெகட்டிவை எடைக்குப் போடாதீர்கள். காற்றோட்டமான, குளிர்ச்சியான இடத்தில் காகித உறையில் வையுங்கள்; வாடை வந்துவிட்டதைத் தனியாகப் பிரித்து, அதையே முதலில் எடுங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களை டிஜிட்டலாக்கி ஒரு நல்ல தொடக்கம் செய்திருக்கிறது. பழைய நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்டூடியோ நெகட்டிவ்களையும் கையிலெடுக்க வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள போட்டோகிராபர் சங்கங்கள் ஒரு கேமரா, ஒரு விளக்குப் பலகை என்று ஒரு பொது மேசையாவது போட வேண்டும். கடையை மூடப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடைக்காரரைக் கூப்பிடுமுன், பக்கத்து ஊரில் கேமரா வைத்திருக்கும் இளைஞர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.