செப்டிக் டேங்க் படத்துல ஆள் எங்கே?

அக்கா பொண்ணு எம்.பி.பி.எஸ். படிக்கிறா. போன வாரம் வீட்டுக்குப் போனப்ப, சமூக மருத்துவப் பரீட்சைக்குப் படம் போட்டுப் பழகிட்டு இருந்தா. செப்டிக் டேங்க் குறுக்குவெட்டுப் படம். உள்ளே வர்ற குழாய், வெளியே போற குழாய், மேலே நுரை, கீழே கசடு... ஸ்கேல் வெச்சு அழகா போட்டிருந்தா.

"இந்தக் கசடை யாரும்மா எடுப்பாங்க?"ன்னு கேட்டேன்.

"நோட்ஸ்ல அது இல்லயே மாமா. அவ்வப்போது அகற்றப்பட வேண்டும்னுதான் இருக்கு."

பாத்தீங்களா மக்களே, செயப்பாட்டு வினையோட மகிமையை! அகற்றப்படணுமாம். யாரால?

ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்தி அவளுக்கு அத்துப்படி. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினா மூக்கே மரத்துப் போய் நாத்தம் தெரியாது. காப்பாத்த இறங்குறவரும் விழுவார். கடகடன்னு ஒப்பிச்சா. ஆனா இறங்குறவங்க ஏன் திரும்பத் திரும்ப அதே தெருக்காரங்களா இருக்காங்கன்னு எந்த வகுப்புலயும் யாரும் சொல்லலையாம். ஒன்றிய அரசு நமஸ்தே திட்டத்துக்காக விவரம் எடுத்த சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேர்ல (2024 கணக்கு) ஏறக்குறைய 69 சதவீதம் பட்டியல் சாதியினர். செத்தா பேப்பர்ல "விபத்து"ன்னு போடுறோம். சாதி பாத்து வர்ற விபத்து எங்கயாச்சும் உண்டா சாமி?

1993-ல ஒரு சட்டம், 2013-ல இன்னொரு சட்டம். சாக்கடையில இறங்கிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் தரணும்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023-ல அதை 30 லட்சமாக்கியது. நாளைக்கு இறப்புச் சான்று எழுதப்போறவளுக்கு இதுல ஒண்ணுகூடத் தெரியாது. "மூச்சுத்திணறல்"னு எழுதிட்டு அடுத்த கேஸைப் பாக்கலாம். எங்கே இறங்கி மூச்சு முட்டுச்சுன்னு பதிவாகலைன்னா, அலையப்போறது அந்தக் குடும்பம்.

"மருத்துவக் கல்லூரியில எதுக்குய்யா அரசியல்?"னு டாக்டர் நண்பர் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். அய்யா, விர்ச்சோ பேரைச் சொல்லி ட்ரையட் மனப்பாடம் பண்ணீங்களே, அதே விர்ச்சோவை 1848-ல மேல் சைலேசியாவுக்கு டைஃபஸ் காய்ச்சலைப் பாத்துட்டு வரச்சொல்லி பிரஷ்ய அரசு அனுப்பியது. அப்ப அவருக்கு 26 வயசு. திரும்பி வந்து என்ன மருந்து எழுதினார் தெரியுமா? ஜனநாயகம், கல்வி, ஏழைங்க மேல இருக்குற வரிச்சுமையைக் குறைக்கிறது. ட்ரையட் மட்டும் பாடமாம், இது அரசியலாம். நல்லா இருக்குய்யா நியாயம்!

சமூக நீதின்னு தனியா ஒரு அத்தியாயம் சேருங்கன்னு நான் கேக்கல. சேத்தா அதையும் அஞ்சு மார்க் கேள்வியாக்கி மனப்பாடம் பண்ண வெச்சிடுவாங்க. 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இருக்குல்ல? மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பாக்கணும். அந்தக் குடும்பங்கள்ல ஒண்ணு தூய்மைப் பணியாளர் வீடா இருக்கட்டும். அவங்க சுகரையும் பிரஷரையும் பாத்ததோட எழுந்து வராம, அந்த வேலைக்கு எப்படி வந்தாங்க, ஏன் வெளியேற முடியலைன்னு கேட்டு எழுதட்டும். அதுக்கு மார்க் போடுங்க.

கிளம்புறப்ப அவ கேட்டா: "படத்துல ஒரு ஆளையும் வரைஞ்சா மார்க் குறைப்பாங்களா மாமா?"

எனக்குப் பதில் தெரியல. வாத்தியாருங்க யாராச்சும் சொல்லுங்க.

டிஸ்கி: "அதான் லாரி வந்துடுச்சே"ன்னு கிளம்புறவங்களுக்கு: வந்துடுச்சுதான். லாரிப் பைப்புக்கு வராத அடிக்கசடை எப்படி எடுக்குறாங்கன்னு ஒருநாள் பக்கத்துல நின்னு பாத்துட்டு வாங்க, பேசுவோம்.