இளநரையும் 48 மணித்தியாலமும்

நரை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு எமது இலக்கியத்திலே ஒரு விடை உண்டு. வயது பல சென்றும் தலை கறுத்திருப்பது எங்ஙனம் என்று வினவியவர்களுக்குப் பிசிராந்தையார் அளித்த மறுமொழியே புறநானூற்றின் 191ஆம் பாடல். நல்ல குடும்பம், குறிப்பறிந்து நடக்கும் பணியாளர், நீதி தவறாத அரசன், பண்பட்ட ஊரவர் ஆகியன தமக்கு வாய்த்தமையே காரணம் என்றார் புலவர். இப்பாடலை யாழ்ப்பாணத்திலே பல ஆண்டுகள் மாணவர்க்குப் படிப்பித்தவள் நான். படிப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, முப்பது வயதை எட்டுமுன், என் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. எமக்கு வாய்த்த அரசும் ஊரும் எத்தகையன என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மனத்துயர் தலையை வெளுக்கச் செய்யும் என்று எமது ஆச்சிமார் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம் போலும். கடும் நெருக்கடிக்கு உள்ளான எலிகளில், மயிருக்கு நிறமூட்டும் கலங்களை உண்டாக்கும் மூலக் கலங்கள் அழிந்துபோவதை ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டு 2020 ஜனவரியில் வெளியிட்டனர். ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. ஆசிய மக்களிடையே 25 வயதுக்கு முன் தோன்றும் நரையையே மருத்துவர் இளநரை என்பர். அதற்குப் பெரும்பாலும் பரம்பரையே காரணம். உயிர்ச்சத்து பி12 குறைபாடும் தைரொயிட் சுரப்பியின் கோளாறும் சிலரில் காரணமாகலாம். புகைப்பிடித்தலுக்கும் இளநரைக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. எனவே இருபது வயதில் தலை வெளுக்கும் பிள்ளையை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை. சாயம் அதற்குப் பின்னர் வரட்டும்.

இனி நான் செய்த தவறைக் கூறுகின்றேன்.

என் தமக்கையின் மகன் பாரிசிலே பிறந்து வளர்ந்தவன்; வயது 25. அவன் தலையில் நான்கு ஆண்டுகளாகவே நரை. கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெண் வீட்டார் சனிக்கிழமை காணொளியில் பேசுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து வரும் வழியிலே கடையொன்றில் கறுப்புச் சாயப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். பூசியவள் நான். பெட்டியினுள் இருந்த தாளில் சிறிய எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. அதனை நான் வாசிக்கவில்லை. வினாவை இரு தடவை வாசித்த பின்னரே விடை எழுதுங்கள் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் இது.

சனிக்கிழமை காலை அவனால் கண் திறக்க முடியவில்லை. இமைகளும் நெற்றியும் வீங்கி, காதோரத்தில் நீர் கசிந்தது. “சின்னம்மா, அவையளுக்கு என்ன சொல்லுறது?” என்றே அவன் முதலில் கேட்டான். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலே இளம் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி வேறு: சிறு வயதில் எப்பொழுதாவது கையிலே கறுப்பு மருதோன்றிச் சித்திரம் வரைவித்தாயா? ஆம், பன்னிரண்டு வயதில், விடுமுறைக்குச் சென்ற கடற்கரையிலே. ஒரு வாரம் கடித்ததென்றும், பின்னர் அதனை எல்லாரும் மறந்துவிட்டோமென்றும் அவன் சொன்னான். அவனது உடல் மட்டும் மறக்கவில்லை.

பரா பினைலீன் டயமீன் என்பது அந்த இரசாயனத்தின் பெயர். நிலையான கருஞ்சாயங்கள் பலவற்றில் இதுவோ இதன் இனத்தைச் சேர்ந்த பிறிதொன்றோ உண்டு. இதன் நுண்ணிய மூலக்கூறுகள் மயிரினுள்ளே புகுந்து, ஐதரசன் பேரொட்சைட்டுடன் தாக்கமுற்றுப் பெருத்து, வெளியேற இயலாது தங்கிவிடுகின்றன. ஆகவேதான் அந்நிறம் கழுவப் போவதில்லை. தலைச்சாயத்தில் இது 2 வீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தோலில் வரையும் சித்திரங்களுக்கு இதனைப் பயன்படுத்த அனுமதியே இல்லை. எனினும் கடற்கரைகளிலும் சந்தைகளிலும் கறுப்பு மருதோன்றி என்ற பெயரில் இதனைக் கலந்து பூசுவோர் இருக்கின்றனர். ஒரு தடவை தோலைப் பகைத்துக்கொண்டால் அப்பகை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பிள்ளைகளின் கையில் கறுப்புச் சித்திரம் வரைய விடாதீர்கள் என்பது இக்கட்டுரையின் முதல் வேண்டுகோள்.

இனி வீட்டிலே செய்யத்தக்கவை யாவை எனப் பார்ப்போம்.

ஓரிரு நரைகளே உள்ளவர்க்கு, மயிரடியில் தடவும் தற்காலிக மைக்குச்சியும் தூளும் போதும். ஒரு முழுக்கில் போய்விடும். அடுத்தது சில வாரங்கள் நிற்கும் அரைநிலைச் சாயம். மூன்றாவது, மேலே கூறிய நிலையான சாயம். அமோனியா இல்லை என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அமோனியா இல்லாத சாயத்திலும் பினைலீன் டயமீன் இருக்கலாம். எந்தச் சாயமாயினும் 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் தாளில் சொல்லியவாறு காதின் பின்னோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பாருங்கள். கடித்தால், சிவந்தால், தடித்தால் அப்பெட்டியைக் குப்பையில் இடுங்கள். முன்பு எப்பொழுதாவது சாயமோ கறுப்புச் சித்திரமோ ஒத்துக்கொள்ளாதவர் இச்சோதனையையும் வீட்டிலே செய்யலாகாது. தோல் வைத்தியரையே நாட வேண்டும். பூசிய பின் உதடோ நாவோ வீங்கினால், மூச்சு முட்டினால், தாமதியாது 15 அல்லது 112 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

எம்மவர்க்குப் பழகிய வழி மருதோன்றி. தூய மருதோன்றி நரையைச் செம்மஞ்சள் ஆக்குமேயன்றிக் கறுப்பாக்காது. மருதோன்றி என்று எழுதிய பொதியொன்று தனியே கருநிறம் தருமென்றால் அதில் வேறு ஏதோ கலந்துள்ளது என்று அறிக. கருமைக்கு அவுரித் தூள் வேண்டும். குட்டை முடிக்கு நூறு கிராம் மருதோன்றியை ஆறவைத்த தேயிலைச் சாயத்தில் கரைத்து, சிறிது தேசிக்காய்ப்புளி விட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் ஓர் இரவு மூடிவையுங்கள். மறுநாள் எண்ணெய் இல்லாத தலையிற் பூசி இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு நீரால் மட்டும் அலசுங்கள். பின்னர் அவுரித் தூளை இளஞ்சூட்டு நீரில் குழைத்து, கால் மணித்தியாலத்துள் பூசத் தொடங்குங்கள், வைத்திருந்தால் வலுவிழந்துவிடும். ஒன்றிரண்டு மணித்தியாலத்தின் பின் கழுவும்போது பச்சை தட்டினால் அஞ்ச வேண்டாம். ஓரிரு நாளில் காற்றுப்பட்டுக் கபில நிறமாகவோ கறுப்பாகவோ மாறும். அதுவரை ஷாம்பு வேண்டாம். குளிர் காலத்தில் தலையைப் பிளாஸ்ரிக் உறையாலும் பழைய துவாயாலும் சுற்றிக்கொள்க. குளியலறை வாடகை வீட்டினதாயின் நிலத்தில் பத்திரிகை விரியுங்கள். இப்பத்திரிகையின் பழைய இதழ்களே போதும், ஆசிரியர் மன்னிப்பாராக. கைக்குழந்தைகளுக்கு மட்டும் மருதோன்றி இடாதீர்கள். பிறவியிலேயே நொதியக் குறைபாடுள்ள சில குழந்தைகளில் அது குருதிக் கலங்களை அழித்துவிடும்.

கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி இட்டுக் காய்ச்சிய எண்ணெய் பற்றிப் பலர் கேட்கின்றனர். மயிர் பளபளக்கும், வறட்சி நீங்கும். வெளுத்த மயிரை அது மீளக் கறுப்பாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நெல்லிக்காய்த் தூளை இரும்புத் தாச்சியில் ஊறவைத்துப் பூசினால் சற்றே கருமை ஏறும். அது நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் கூடி உண்டாகும் மை. பழங்காலத்தில் எழுதும் மையும் இவ்விதமே செய்யப்பட்டது.

வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தால் என் பெறாமகனின் வீக்கம் ஒரு வாரத்தில் வற்றியது. பெண் வீட்டாருக்கு நடந்ததை ஒளியாமல் நானே தொலைபேசியிற் சொன்னேன். மூன்று வாரத்தின் பின் நரைத்த தலையோடே அவன் அவர்களுடன் பேசினான். பெண்ணின் தகப்பனாருக்கும் 26 வயதிலே நரைத்ததாம். பேச்சு இன்னும் தொடர்கின்றது.

சென்ற மாதம் அவன் வீட்டுக்கு வந்து மருதோன்றியும் அவுரியும் பூசித் தரச் சொன்னான். வேறு எதுவும் கலவாதவைதாமா என்று இரண்டு பொதிகளையும் எடுத்து, கண்ணாடி அணிந்து, ஒரு வரி விடாது இரு தடவை வாசித்தேன். வைத்தியரிடம் கேட்டு வருமாறு அவனைத் திருப்பி அனுப்பினேன். அவர் சம்மதித்த பின், காதின் பின்னே சிறிது தடவி, இரண்டு நாள் கழித்து வா என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். ஆனால் வந்தான்.