விருதுப்பட்டிக்கு வண்டி கட்டி வந்தவர்கள்

விருதுநகருக்கு என்று சொல்லிக்கொள்ள ஒரு ஜீவநதி கிடையாது. கடல் கிடையாது, மலை கிடையாது. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. ஆனால் துவரம்பருப்பு என்ன விலை, வத்தல் என்ன விலை, நல்லெண்ணெய் டின் என்ன விலை என்று தெரிந்துகொள்ள தமிழ்நாட்டு வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பது விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத்தான். பெரிதாக எதுவும் விளையாத ஊர் எப்படி எல்லோருக்கும் விலை சொல்லும் ஊர் ஆனது? அந்த மார்க்கெட்டை உண்டாக்கியவர்கள் அந்த ஊர்க்காரர்களே இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள்.

19-ம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுப் பகுதிகளிலிருந்து நாடார் வியாபாரிகள் மாட்டுவண்டிகளில் கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்து கம்பெனி ஆட்சி காலூன்றிய பிறகு பாதைகள் கொஞ்சம் திறந்தன. ஆனாலும் வழிப்பறி பயம் போகவில்லை. அதனால் வண்டிகளை இரவில் நிறுத்த பேட்டைகளைக் கட்டினார்கள். சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, சரக்கு வைக்க இடம், மாடு கட்ட இடம், அவ்வளவுதான் பேட்டை. அந்தப் பேட்டைகளைச் சுற்றித்தான் சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களிலும் அவர்கள் வேரூன்றினார்கள். இந்த விருதுப்பட்டிதான் இன்றைய விருதுநகர்.

சரி, பேட்டையைப் பராமரிக்கப் பணம்? அங்கேதான் மகமை வருகிறது. பேட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வியாபாரியும் தன் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்குக் கொடுக்க வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. உறவின்முறை என்ற ஊர்க்கூட்டம் அதை நிர்வகித்தது. அரசாங்கம் கேட்டு வாங்கிய வரி அல்ல இது, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி! பி.காம். மாணவர்கள் மூலதனம், காப்பீடு, வரி, அறக்கட்டளை என்று தனித்தனிப் பாடமாகப் படித்து அரியர் வைக்கிறார்களே, அத்தனையும் அந்த ஒரே உண்டியலில் இருந்தது.

வந்த இடத்தில் இவர்களை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையில் காசு இருந்தும் கோயிலுக்குள் விடவில்லை. 1897-ல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்கு வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றது. 1899-ல் சிவகாசியில் கோயில் நுழைவுப் பிரச்சினை பெரும் கலவரமாகவே வெடித்தது. இந்தச் சூழ்நிலையில் 1889-லேயே விருதுப்பட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூடம் கட்டினார்கள். சத்திரிய வித்தியாசாலை. அதற்காக வீடுதோறும் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்து, அப்பா இறந்ததால் பாதியிலேயே படிப்பை நிறுத்தி, மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போன பையன்தான் காமராஜர். முதலமைச்சரானதும் அவர் பள்ளிகளில் மதிய உணவு போட்டது எங்கிருந்து வந்த யோசனை என்று பெரிதாக ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை. (அதே ஊர் 1967-ல் அவரை 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கடித்தது. வியாபாரி ஊர், தராசு யாருக்காகவும் சாயாது போலிருக்கிறது.)

விருதுப்பட்டி, விருதுநகர் ஆனது 1923-ல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்ததும் அதே சமயத்தில்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தொழில் கற்றுக்கொண்டு திரும்பிய கதை அந்தப் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பின்னால் 1940-களில் பட்டாசு வந்தது. மிச்சம் எல்லோரும் அறிந்ததே.

ஆனால் பெருமை பேசும்போது ஒரு விஷயம் வசதியாக மறந்துபோகிறது. மகமை சமூகத்துக்குள் சுற்றிய பணம். கொடுத்தவனும் பயன் பெற்றவனும் பெரும்பாலும் ஒரே கூட்டம். இன்று சாத்தூர், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிகாலையில் வேன் ஏறிப்போய் மருந்து நிரப்பும் பெண்களும் ஆண்களும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆலை முதலாளிகளும் இப்போது ஒரே சமூகத்தினர் இல்லை. உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகள் வேறு. 2012-ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் நிவாரணம் கொடுப்பது முதலமைச்சர் நிதி. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் ஸ்டாலின், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். நல்ல விஷயம். ஆனால் அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் பள்ளிக்கூடம் கட்டிய பூமியில் அரசாங்கம் வந்து அதைச் சொல்ல வேண்டியிருந்ததே!

பட்டாசுப் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு மகமை ஏன் இருக்கக்கூடாது? மூட்டைக்கு எடுத்தார்கள், பெட்டிக்கு எடுக்க முடியாதா? அந்த நிதியிலிருந்து தீக்காய சிகிச்சை, பிள்ளைகள் படிப்பு, விபத்துக்குப் பிறகு ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களுக்குக் கூலி. கணக்குப் பார்க்கும் கூட்டத்தில் தொழிலாளிக்கும் நாற்காலி வேண்டும், இல்லாவிட்டால் அது தர்மக்காசு ஆகிவிடும்.

தொழிலே படுத்துக் கிடக்கிறது, இதில் மகமை வேறா என்பார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டதிலிருந்து அடி மேல் அடி விழுந்தது உண்மைதான். ஆனால் முதல் மகமை எடுத்தபோது அந்த வண்டிக்காரர்களிடம் என்ன கொட்டிக் கிடந்தது? கொஞ்சம் கருப்பட்டி, கொஞ்சம் கருவாடு, ராத்திரி திருடன் வருவானோ என்ற பயம்.