படத்துக்கு விலையா, விலைக்குப் படமா?

ஒரு மண்டை ஓடு. விலை 700 கோடி ரூபாய்!

பயப்படாதீர்கள். நிஜ மண்டை ஓடு அல்ல. படம்தான். ஆறு அடி உயரம். நீலப் பின்னணி. அதன் நடுவே கறுப்பும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தலை. பல் தெரிகிறது. உள்ளே இருக்கும் எலும்பும் தெரிகிறது. தோலை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்ததுபோல் இருக்கும்.

2017-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி. நியூயார்க் நகரில் சோதபி என்ற பெரிய ஏலக் கம்பெனி இந்தப் படத்தை ஏலம் போட்டது. போட்டி பலமாக இருந்தது. முடிவில் 11 கோடியே 5 லட்சம் டாலருக்கு ஒருவர் எடுத்தார். அவர் பெயர் யுசாகு மேசாவா. ஜப்பான்காரர். இணையத்தில் துணி விற்றுக் கோடீசுவரர் ஆனவர். அதுவரை எந்த அமெரிக்க ஓவியரின் படமும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.

இதே படம் 1984-ம் ஆண்டிலும் ஏலத்துக்கு வந்தது. அப்போது என்ன விலை தெரியுமா? சுமார் 20 ஆயிரம் டாலர்!

33 ஆண்டுகளில் 5 ஆயிரம் மடங்குக்கு மேல் விலை ஏறிவிட்டது. சரி, படத்தைத் தீட்டியவருக்கு இதில் எவ்வளவு கிடைத்தது?

ஒரு காசு கூட இல்லை. அவர் 1988-லேயே இறந்துவிட்டார். உயிரோடு இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது. கை மாறும்போது வரும் லாபத்தில் ஓவியருக்குப் பங்கு உண்டு என்ற சட்டம் நியூயார்க்கில் இல்லை.

சுவரில் எழுதிய வாலிபர்

அவர் பெயர் ஜான் மிஷெல் பாஸ்கியா. நீக்ரோ வாலிபர் என்று அந்தக் காலத்தில் எழுதியிருப்பார்கள். இப்போது கறுப்பர் என்று சொல்வதே மரியாதை. 1960-ம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தகப்பனார் ஹெய்ட்டித் தீவிலிருந்து வந்தவர். கணக்கர் வேலை. தாயார் போர்ட்டோ ரிக்கோ வமிசம்.

தாயாருக்குப் படம் என்றால் பிரியம். மகனைக் கையைப் பிடித்து மியூசியம் மியூசியமாக அழைத்துப் போவார். ஆறு வயதிலேயே பையன் புரூக்ளின் மியூசியத்தின் சிறுவர் உறுப்பினர் ஆகிவிட்டான்.

ஏழு வயதில் ஒரு விபத்து. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன் மேல் கார் மோதியது. கை முறிந்தது. வயிற்றில் ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பையனுக்குப் பொழுது போக வேண்டுமே! தாயார் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தார். கதைப் புத்தகம் அல்ல. டாக்டருக்குப் படிப்பவர்கள் பார்க்கும் உடல்கூறுப் புத்தகம். எலும்பு, நரம்பு, தசை என்று பக்கத்துக்குப் பக்கம் படம்.

அந்த எலும்புதான் பிற்காலத்தில் 700 கோடி ரூபாய்க்கு விலை போயிற்று.

பதினேழு, பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போய்விட்டார். நண்பர் ஒருவருடன் சேர்ந்து இரவில் நகரத்துச் சுவர்களில் விசித்திரமான வாசகங்களை எழுதினார். பகலில் கையால் செய்த தபால் அட்டைகளைத் தெருவில் விற்றார். சிநேகிதர்கள் வீட்டில் படுத்துக்கொண்டார்.

1981-ல் ஒரு பொதுக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம் பெற்றன. அவ்வளவுதான்! படம் விற்கும் பெண்மணி ஒருவர் அவரை அழைத்துவந்து, தமது கடையின் கீழ்த்தளத்தில் இடம் கொடுத்தார். சாயம், துணி எல்லாம் வாங்கித் தந்தார். படம் வாங்க வந்தவர்கள் கீழே இறங்கிப் போய், சாயம் காயாத படத்துக்கே விலை பேசினார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் தெருவில் அட்டை விற்றவர் கையில் பணம் புரண்டது.

இரண்டு கட்சி

இங்கேதான் சண்டை ஆரம்பம். படம் சேர்க்கும் பணக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

“மேதை! நூறு ஆண்டுக்கு ஒருவர்தான் இப்படிப் பிறப்பார்” என்றது ஒரு கட்சி.

“குழந்தைக் கிறுக்கல்! கடைக்காரர்கள் அடிக்கும் தம்பட்டம். தெருவில் கிடந்த பையன் என்று கதை கட்டி விற்கிறார்கள்” என்றது இன்னொரு கட்சி.

1985-ம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஞாயிறு இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டது. கோட்டு, சூட்டு, டை. ஆனால் காலில் செருப்பு இல்லை! உள்ளே இருந்த கட்டுரை அவர் படங்களைப் பற்றிப் பேசியது. அவற்றை எப்படி விற்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசியது. ஒரு படம் 10 ஆயிரம் முதல் 25 ஆயிரம் டாலர் வரை போகிறது என்று எழுதியது. வயது 24.

அதே ஆண்டு புகழ் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோலும் அவரும் சேர்ந்து தீட்டிய படங்கள் கண்காட்சிக்கு வந்தன. விமர்சகர்கள் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். வார்ஹோலின் கைப்பாவை என்கிற தோரணையில் எழுதினார்கள். வாலிபர் மனம் ஒடிந்தார். இருவர் நட்பும் தளர்ந்தது. 1987-ல் வார்ஹோல் இறந்தார். 1988-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி பாஸ்கியாவும் இறந்தார். போதை மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது. வயது 27.

இறந்த பிறகாவது சண்டை ஓய்ந்ததா? இல்லை. ராபர்ட் ஹியூஸ் என்ற பெரிய விமர்சகர், இவரிடம் இருந்தது சின்னத் திறமை, மற்றதெல்லாம் ஆரவாரம் என்ற கருத்தில் அந்த ஆண்டே எழுதினார்.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். அவர் நிஜமான ஓவியர். நான் பார்த்தது அச்சில் வந்த பிரதிகளைத்தான். அதிலேயே தெரிகிறது. அந்த மண்டை ஓட்டின் தாடையைப் பாருங்கள். கோடு கோணலாகப் போகிறது. ஆனால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. படத்துக்குள் வார்த்தைகளை எழுதி, அவற்றின் மேலேயே கோடு கிழித்து அடித்திருப்பார். ஏன்? அடித்த வார்த்தையைத்தான் மனிதன் உற்றுப் படிப்பான் என்பது அவர் கணக்கு. உண்மைதானே? கடிதத்தில் ஒரு வரியை அடித்திருந்தால் அதைத்தானே நாம் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம்! குழந்தைக்கு இந்தத் தந்திரம் வராது.

ஆனால் எதிர்க்கட்சி சொன்னதும் முழுப் பொய் அல்ல. தம்பட்டம் இருந்தது. தெருவில் கிடந்த பையன் என்ற கதையும் இருந்தது. மூன்று பாஷை பேசிய, கணக்கர் வீட்டுப் பிள்ளையைக் காட்டுப்பிள்ளைபோல் காட்டினார்கள். கடையின் கீழ்த்தளத்தில் அவர் வேலை செய்ததைக்கூட, பையனைப் பூட்டி வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று பேசினார்கள். அவருக்குக் கோபம் வந்தது. நான் வெள்ளைக்காரனாக இருந்தால், கடைக்கு வந்து தங்கியிருக்கும் ஓவியர் என்று மரியாதையாகச் சொல்லியிருப்பீர்கள் என்றார்.

மேதை என்றவர்களும் சரி, மோசடி என்றவர்களும் சரி, பெரும்பாலோர் விலைச் சீட்டைப் பார்த்துத்தான் சண்டை போட்டார்கள். படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஷோர் தம்பதி என்று ஒரு கணவன் மனைவி. பாஸ்கியா தலையெடுத்த காலத்திலேயே அவர் படங்களை ஆசையாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள். நியூயார்க்கின் பெரிய மியூசியங்களுக்கு அவர் படத்தை இனாமாகவே தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார்கள். வைக்கும் இடத்துக்குக்கூடப் பெறாதாம்! பிறகு 1992-ல் அதே நகரத்து விட்னி மியூசியம் பாஸ்கியாவுக்குப் பெரிய கண்காட்சி வைத்தது.

மனை விலை போல

விலை எப்படி ஏறுகிறது? நமக்குத் தெரிந்த வித்தைதான்.

ஊருக்கு வெளியே ஒருவர் பத்து மனை வாங்கிப் போட்டிருக்கிறார். பக்கத்து மனை விலைக்கு வருகிறது. அதைத் தாமே இரட்டை விலை கொடுத்து வாங்குகிறார். ஏன்? மீதிப் பத்து மனைக்கும் அதே விலை பேசலாம் அல்லவா! ஒரே ஓவியரின் படங்களை நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்களும் ஏலத்தில் இப்படிக் கை தூக்குவது உண்டு. அவர்கள் மேதை என்று சொல்வது படத்தைப் பற்றியா, இருப்பைப் பற்றியா?

இந்த வித்தையில் அகப்படுபவர் இளம் ஓவியர்தான். லூசியன் சுமித் என்ற வாலிபர் 1989-ல் பிறந்தவர். தீயணைக்கும் கருவியில் சாயத்தை நிரப்பித் துணி மேல் பீச்சினார். மழைத் துளி விழுந்தாற்போல் இருக்கும். 2011-ல் அவர் தீட்டிய வேறொரு படம் 10 ஆயிரம் டாலருக்கு விற்றது. 2013-ல் வாங்கியவர் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். 3 லட்சத்து 89 ஆயிரம் டாலர்! ஓவியருக்கு வயது 24. ஆளுக்கு ஆள் மழைப் படத்தை ஏலத்துக்கு அனுப்பினார்கள். இரண்டொரு ஆண்டில் விலை மளமளவென்று சரிந்தது. முன்பு விற்று முடித்தவர்கள் பையில் லாபம். அந்தப் பையன் தலையில் “விலை விழுந்தவன்” என்ற பட்டம். அவனாகவா விலை வைத்தான்?

மழைப் படம் பாஸ்கியா படத்துக்குச் சமம் அல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் 24 வயதில் தோற்பதற்கும் திருத்திக்கொள்வதற்கும் ஒரு மனிதனுக்கு இடம் வேண்டும். ஏலச் சுத்தியல் அதைக் கொடுப்பதில்லை.

டாக்சி முதலாளி

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 1973-ம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க் டாக்சி முதலாளி ராபர்ட் ஸ்கல் தாம் சேர்த்த 50 படங்களை ஏலம் விட்டார். ராபர்ட் ரவுசன்பெர்க் என்ற ஓவியர் வளர்ந்துவந்த காலத்தில் அவரிடம் 900 டாலருக்கு வாங்கிய படம் ஒன்று 85 ஆயிரம் டாலருக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்த ஓவியருக்குப் பொறுக்கவில்லை. ஏலம் முடிந்ததும் முதலாளியைப் பிடித்துத் தள்ளினார். உனக்கு லாபம் வரத்தான் நான் முதுகெலும்பு ஒடிய உழைத்தேனா என்று கேட்டார். முதலாளி அசரவில்லை. இனி உன் படத்துக்கும் விலை ஏறுமே என்று சமாதானம் சொன்னார்!

முதலாளி சொன்னதிலும் நியாயம் இருக்கிறதுதான். ஆனால் ஏறிய விலையில் ஒரு பங்கு தருகிறேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

தபால் குமாஸ்தா

அதே நியூயார்க்கில், அதே காலத்தில், ஹெர்பர்ட் வோகல் என்று ஒரு தபால் குமாஸ்தா இருந்தார். இரவில் தபால் பிரிக்கும் வேலை. மனைவி டாரதி நூல் நிலையத்தில் வேலை பார்த்தார். 1962-ல் கலியாணம். டாரதி சம்பளத்தில் வீட்டுச் செலவு. ஹெர்பர்ட் சம்பளத்தில் படம். அதுதான் ஏற்பாடு.

வாங்கியது எல்லாம் பெயர் தெரியாத இளம் ஓவியர்களின் படங்கள். இரண்டே நிபந்தனை. சம்பளத்துக்குள் விலை இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்குள் படம் அடங்க வேண்டும். காசு இல்லாவிட்டால் தவணை. ஒரு தடவை, கிறிஸ்டோ என்ற ஓவியரும் அவர் மனைவியும் வெளியூர் போனபோது அவர்கள் வளர்த்த பூனையைக் கவனித்துக்கொண்டார்கள். கூலியாக ஒரு படம் வந்தது!

ஒரே படுக்கை அறை உள்ள வீடு. சுவர் முழுக்கப் படம், கட்டிலுக்கு அடியில் படம். நடுவே பூனைகள், ஆமைகள், மீன் தொட்டிகள். இந்த ஓவியன் மேதையா, தம்பட்டமா என்று அவர்கள் மேடை ஏறி வாதாடவில்லை. ஓவியர் வீட்டுக்குப் போய், இருக்கிற படத்தையெல்லாம் காட்டு என்று கேட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்ததை எடுத்துக்கொண்டு வருவார்கள். பல ஓவியர்களுக்கு முதல் வாடிக்கையாளர் இந்தத் தம்பதிதான். அவர்களில் பலர் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றார்கள். ஒன்றிரண்டை விற்றிருந்தாலே வோகல் தம்பதி பெரிய வீடு வாங்கியிருக்கலாம்.

விற்கவில்லை. 1992-ல் தங்கள் படங்களை வாஷிங்டன் தேசிய ஓவிய மியூசியத்துக்கு ஒப்படைக்க முடிவு செய்தார்கள். அந்தச் சின்ன வீட்டிலிருந்து ஐந்து பெரிய லாரிகளில் படங்கள் போயின. பிற்பாடும் சேர்த்ததை எல்லாம் கூட்டினால் 4 ஆயிரத்துக்கும் மேல்.

வயதான காலத்தில் கையில் பணம் இருக்கட்டும் என்று மியூசியம் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுத்தது. அதை வைத்துத் தம்பதி என்ன செய்தார்கள் தெரியுமா? மறுபடியும் படம் வாங்கினார்கள்.