தொண்டர்களும் தொத்து வியாதியும்

அயல்நாட்டில் பூகம்பம், பஞ்சம், கொள்ளைநோய் என்று செய்தி வந்தால் உதவி செய்யப் புறப்படும் இளைஞர்கள் நமது தஞ்சை ஜில்லாவிலும் உண்டு. திருவிடைமருதூரில் அத்தகைய ஒருவரை வழியனுப்பும் பெரியோர் முதலில் கேட்பது, "அங்கே என்ன வியாதி பரவியிருக்கிறது?" என்பதே. கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அது பாதிக் கேள்வி. நாம் இங்கிருந்து எதைச் சுமந்து செல்கிறோம் என்பதே மற்றப் பாதி. அதைக் கேட்பாரைக் காணோம்.

ஹெயிட்டி தேசத்தில் நடந்ததை நேயர்கள் நினைவுகூர வேண்டுகிறோம். 2010 ஜனவரியில் பூகம்பத்தால் நொறுங்கிய அந்நாட்டில், அக்டோபரில் வாந்திபேதி தோன்றிற்று. அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக அங்கே அந்நோய் கண்டதில்லை. நேபாளத்திலிருந்து வந்திருந்த ஐக்கிய நாடுகள் சபையின் சமாதானப் படை முகாமின் கழிவு ஓர் ஓடையில் கலந்து, அவ்வோடை வழியே ஆர்ட்டிபொனீத் நதியை அடைந்ததென்பது பின்னர் ஆராய்ச்சியில் விளங்கிற்று. அந்நதிப் பள்ளத்தாக்கே ஹெயிட்டியின் நெற்களஞ்சியம். வயலில் இறங்கியவர்கள் வாய்க்கால் நீரையே அள்ளிக் குடித்தார்கள். காவிரிக் கரையில் வாழும் நமக்கு இதனை மேலும் விவரிக்க வேண்டுமோ? எட்டு லட்சம் பேர் நோயுற்றனர். சுமார் 10,000 பேர் மாண்டனர்.

பாதிக்கப்பட்டவர்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். சபைக்கு விலக்குரிமை உண்டென்று 2015இல் நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். நியாயமென்று நம்மால் சொல்ல முடியவில்லை. 2016 டிசம்பரில்தான் சபையின் தலைமைக் காரியதரிசி பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டார்.

வந்தவர்கள் சிப்பாய்கள், தொண்டர்கள் அல்லர் என்று சிலர் கூறலாம். கிருமிக்கு அந்தப் பேதம் தெரியாது. வாந்திபேதிக் கிருமியை உடலில் கொண்டவர்களிற் பலருக்கு யாதொரு நோய்க்குறியும் தோன்றுவதில்லை. நாமும் இவ்விஷயத்தில் நிரபராதிகள் என்று இறுமாந்திருக்க இடமில்லை. 1992இல் புதியதொரு வாந்திபேதிக் கிருமி முதன்முதல் காணப்பட்டது நமது சென்னையிலேயாம்.

தொண்டருக்கு நேரும் அபாயத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா 11,300 பேருக்கு மேல் பலி கொண்டது. வைத்தியரும் தாதியருமான சுகாதார ஊழியர் சுமார் 500 பேர் அதில் அடங்குவர். இதையறிந்தும் செல்பவனை நாம் வணங்குகிறோம். ஆனால் தைரியம் வேறு, அஜாக்கிரதை வேறு.

ஆகவே தொண்டரை அனுப்பும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. மாலை சூட்டுவதற்கு முன் மலப் பரிசோதனை செய்வியுங்கள். இதைக் கூறக் கூச்சப்படுவோர் இந்த வேலைக்கே வர வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொள்ளலாம். போட்ட பத்து நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லும். பிரயாணத்துக்கு முந்தின நாள் ஓடுவதிற் பயனில்லை.

திரும்பி வந்தவரைத் தீண்டாதவர்போல் ஒதுக்குவதும் நம்மிடையே உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு இரையான ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் கூட்டங்கூடிக் கல்லெறிந்தார்கள். எபோலா கண்ட நாட்டிலிருந்து வருபவரைக் கண்காணிக்க 21 நாள் போதும். அந்த 21 நாளைக்கும் அவருடைய குடும்பச் செலவை அனுப்பிய சங்கமே ஏற்க வேண்டும். புறப்படும் முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுமாறு தொண்டர்களுக்கு யோசனை கூறுகிறோம்.